ஹெட்போன் மாட்டுவதற்கு முன் காதுக்குள் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களில் அடிக்கடி வெளியாகும் 'இலவசக் காது பரிசோதனை முகாம்' விளம்பரங்களைப் படிக்கும்போதெல்லாம், அவற்றில் சொல்லியிருப்பதைவிடச் சொல்லாமல் விட்டதைத்தான் என் கண் தேடுகிறது. காது கேட்கும் கருவிக்குத் தள்ளுபடி உண்டு, பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம், தவணையில் பணம் கட்டலாம், புளூடூத் மூலம் கைப்பேசியோடு இணைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அச்சாகிறது. பரிசோதனை தொடங்குமுன் காதின் உட்புறத்தைப் பார்ப்போம், பார்த்ததை உங்களுக்கும் காட்டுவோம் என்ற ஒரு வரியை நான் இதுவரை எந்த விளம்பரத்திலும் கண்டதில்லை. பெரம்பூரில் ஆடியாலஜிஸ்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவனாக, தொழில் செய்பவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். சென்னையில் காது கேட்கும் கருவி விற்கும் ஒவ்வோர் இடத்திலும், முகாம் நடக்கும் ஒவ்வொரு கல்யாண மண்டபத்திலும், ஹெட்போனை மாட்டுவதற்கு முன் வீடியோ ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பார்க்க வேண்டும் என்பதும், அந்தப் படம் வந்தவர் கையில் சேர வேண்டும் என்பதும் என் கோரிக்கை.

வீடியோ ஓட்டோஸ்கோப் எளிமையான கருவி. முனையில் சிறு கேமராவும் வெள்ளை ஒளி தரும் எல்இடி விளக்கும் இருக்கும். அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் கூம்பைப் பொருத்திக் காதுத் துளையில் வைத்தால், உள்ளே இருப்பது கணினித் திரையிலோ கைப்பேசியிலோ பல மடங்கு பெரிதாகத் தெரியும். பெரியவர்களுக்குக் காதுக் குழாய் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ளது, நேராக இராமல் சற்று வளைந்து செல்வது. ஆகவே பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தும், சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னுமாக இழுத்தும் பார்க்க வேண்டும். கருவியைப் பிடித்த கையின் சுண்டுவிரல் வந்தவரின் கன்னத்தில் ஊன்றியிருக்க வேண்டும், அவர் திடீரென்று தலையைத் திருப்பினாலும் கையும் சேர்ந்தே திரும்பும். சிலருக்குக் கூம்பு உள்ளே பட்டவுடன் இருமல் வரும். குழாயின் ஆழமான பகுதிக்கு வரும் நரம்பு தொண்டைக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் கிளை என்பதே அதற்குக் காரணம். முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை.

குழாயின் முடிவில் செவிப்பறை. ஏறத்தாழ 1 செ.மீ. விட்டமும் 0.1 மி.மீ. பருமனும் உள்ள அந்தச் சவ்வு, நலமாக இருந்தால் முத்தின் சாம்பல் நிறத்தில் ஒளி ஊடுருவும்படி இருக்கும்; சுத்தி எலும்பின் காம்பு அதன் மேல் சாய்வாகத் தெரியும்; விளக்கொளி பட்டு ஒரு சிறு முக்கோணம் மின்னும். வலக் காதில் அந்த முக்கோணம் கடிகாரத்தின் 5 மணித் திசையிலும் இடக் காதில் 7 மணித் திசையிலும் இருக்கும். படத்தை எடுத்து வைத்துவிட்டு எந்தக் காது என்று குறிக்க மறந்துபோன உதவியாளர்களுக்கும் இந்த அடையாளம் கைகொடுப்பதுண்டு.

முதலில் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், கேட்கும் அளவைக் காட்டும் வரைபடமான ஆடியோகிராமே. காதுக் குழாயைக் குறும்பி முழுவதுமாக அடைத்திருந்தால் கேட்கும் அளவு 30 டெசிபல் வரைகூடக் குறைந்து காட்டக்கூடும். அதைக் கவனிக்காமல் ஹெட்போனை மாட்டிச் சோதித்து, கிடைத்த வரைபடத்தின்படி கருவியின் ஒலி அளவை அமைத்துக் கொடுத்தால், பின்னர் ஒருநாள் அந்தக் குறும்பி வெளியேறும்போது அதே கருவி தேவைக்கு மீறிய ஒலியை உள்ளே செலுத்தும். பிறகு பெரியவர் கருவியைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, "மெஷின் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று சொல்லிவிடுவார். பல்லாயிரம் ரூபாய் அங்கேயே கிடக்கும். குறும்பியைத் தவிர வேறு குறையே இல்லாதவர்களும் நம் நகரில் கருவி வாங்கியிருக்கக்கூடும் என்று நினைக்கவே சங்கடமாக இருக்கிறது.

அச்சு எடுக்கும் வேலையில் ஆபத்து இன்னும் நேரடியானது. கருவியோடு காதில் செருகும், அவரவர் காதுக்குப் பொருத்தமான மோல்டு செய்ய வேண்டுமென்றால், நூல் கட்டிய சிறு பஞ்சு அல்லது ஃபோம் துண்டை முதலில் குழாய்க்குள் தடுப்பாக வைத்துவிட்டு, அதன் பின் சிலிக்கான் பசையை ஊசிக்குழல் மூலம் உள்ளே செலுத்துவோம். சில நிமிடங்களில் அது இறுகிவிடும். செவிப்பறையில் ஓட்டை இருந்து, தடுப்பும் சரியாக அமையாமல் போனால், பசை நடுக்காதுக்குள் புகுந்து எலும்புகளைச் சுற்றி இறுகிவிடும். அதை அறுவைச் சிகிச்சையால்தான் எடுக்க முடியும். இத்தகைய விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சிறு வயதில் காதில் சீழ் வடிந்து, பெரியவர்கள் எண்ணெய் காய்ச்சி ஊற்றி, பின்னர் அது 'தானாக நின்றுபோன' எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள்; சீழ் நின்றாலும் ஓட்டை அப்படியே இருக்கக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. முன்பு காது எலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் குழாயோ இயல்பான வடிவத்திலேயே இராது. ஆகவே பஞ்சை வைக்குமுன் ஒருமுறை, வைத்தபின் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை, அச்சை வெளியே எடுத்தபின் உள்ளே எதுவும் தங்கவில்லையே என்று ஒருமுறை பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டோஸ்கோப்பிலும் இதைச் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் அதில் பார்ப்பவர் ஒருவர் மட்டுமே பார்க்கிறார். அவர் பார்த்தாரா என்பதற்கும் அவர் வார்த்தையைத் தவிரச் சான்று கிடையாது.

வீடியோவின் உண்மையான பயன் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் தம் மருமகளுடன் வந்திருந்தார். வேறோர் இடத்தில் வாங்கிய கருவி, வலக் காதில் அறவே கேட்கவில்லை, மெஷின் செத்துவிட்டது என்பது புகார். கருவியைச் சோதித்தேன், நன்றாகவே வேலை செய்தது. கேமராவை வைத்ததும் திரையில் மஞ்சள் குறும்பிக்கு நடுவே வட்டமாக, ஒளி ஊடுருவும் ஒரு பொருள் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் எழுந்து வந்து, "மாமா, இது உங்க மெஷின் முனையில இருக்கிற ரப்பர்தானே?" என்றார். பெரியவர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு திரையருகே குனிந்து பார்த்தார். "தீபாவளி சமயத்துல ஒண்ணு கழண்டு விழுந்துச்சு. எங்கயோ தொலைஞ்சிடுச்சுன்னு வேற மாட்டிக்கிட்டேன்." ஆழத்தில் இருந்ததால் நான் தொடாமல் படத்துடன் இஎன்டி மருத்துவரிடம் அனுப்பினேன், அவர் மைக்ராஸ்கோப்பின் கீழ் அதை எடுத்துவிட்டார். வாயால் எவ்வளவு விளக்கியிருந்தாலும், சொந்தக் காதுக்குள் சொந்தக் கருவியின் துண்டு கிடப்பதை அவர் நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது இரவு கருவியைக் கழற்றும்போதெல்லாம் முனையில் ரப்பர் இருக்கிறதா என்று விளக்கருகில் பிடித்துப் பார்ப்பதாக மருமகள் சொல்கிறார்.

பட்ஸ் விஷயமும் இப்படித்தான். பட்ஸ் போடாதீர்கள் என்று சொன்னால் நம்மவர்கள் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய்ப் பட்ஸோ ஊக்கோ சாவிமுனையோ கையில் எடுப்பார்கள். காதின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்புறம் நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டே இருப்பதும், நாம் மெல்லும்போது தாடை அசைவதும் சேர்ந்து பெரும்பாலோர் காதில் குறும்பி தானாகவே வெளியே வந்துவிடும். பஞ்சுக் குச்சி அந்த நகர்வுக்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இதைச் சொல்லால் விளக்கி அலுத்த பிறகு, திரையில் காட்டத் தொடங்கினேன். குழாயின் வெளிப்பகுதி சுத்தமாகவும், பட்ஸ் எட்டிய எல்லையில் குறும்பி தட்டையாக அமுக்கப்பட்டுச் சுவர்போல நிற்பதும், பக்கத்தில் ஒரு சிவந்த கீறலும் தெரியும்போது கேள்வி அவர்களிடமிருந்தே வருகிறது: "அப்போ இதை நாந்தான் உள்ள தள்ளியிருக்கேனா?"

சென்னையின் ஈரக் காற்றுக்கு என்று ஒரு தனிக் காட்சி உண்டு. காது அரிக்கிறது, அடைத்தாற்போல் இருக்கிறது என்று வருபவர்களின் காதுக்குள் பார்த்தால் வெண்சாம்பல் படலத்தின் மேல் கறுப்புப் புள்ளிகள் தூவியிருக்கும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சை அது. நனைந்த செய்தித்தாள் போலிருக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித் தருவார்கள். தங்கள் அலுவலகத்தில் இந்த உவமையைப் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன். காதை இறுக அடைக்கும் மோல்டு அணிபவர்களுக்கும், எண்ணெய் ஊற்றும் பழக்கம் உள்ளவர்களுக்கும், நாள் முழுவதும் காதில் இயர்போன் செருகியிருக்கும் இளைஞர்களுக்கும் இதற்கு வாய்ப்பு அதிகம். இவர்களுக்குக் கருவியின் ஒலியைக் கூட்டிக் கொடுப்பதில் பயனில்லை. முதலில் மருத்துவம், காது காய்ந்து ஆறிய பிறகே கருவி. சர்க்கரை நோயாளியாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அவர்கள் காதில் தண்ணீர் பீய்ச்சிக் குறும்பி எடுக்கப்போய்த் தொற்று உண்டானால், அது குழாயைத் தாண்டி மண்டை எலும்புக்கே பரவக்கூடியது. கருவி விற்பவர் இதைத் தொடவே கூடாது.

கேமராவால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. திரையில் தெரிவது தட்டையான படம். செவிப்பறை உள்வாங்கியிருக்கிறதா, வெளியே புடைத்திருக்கிறதா என்பதைப் படத்தை மட்டும் வைத்து முடிவு செய்வது கடினம். நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்பதை அறிய, காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமெட்ரி சோதனை தேவை. அழுகிற குழந்தையின் செவிப்பறை அழுகையாலேயே சிவந்து தெரியும். அதைப் பார்த்துத் தொற்று என்று சொல்லிவிட முடியாது. முதுமையால் வரும் கேட்கும் குறைவில் பழுது உட்காதில் இருப்பதால் செவிப்பறை பெரும்பாலும் பளிச்சென்று அழகாகவே இருக்கும். ஒருவருக்கு ஒரே நாளிலோ இரண்டு மூன்று நாட்களுக்குள்ளோ ஒரு காது திடீரென்று கேட்காமல் போய்விட்டால், உள்ளே எல்லாம் சுத்தமாகத் தெரிகிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. அது அவசர நிலை, அன்றே இஎன்டி மருத்துவரைப் பார்க்க வேண்டும். காதில் சீழோ இரத்தமோ வடிதல், கடும் வலி, தலைச்சுற்றல், ஒரு காதில் மட்டும் கேட்கும் குறைவு ஆகியவை இருந்தாலும் கருவியைப் பற்றிய பேச்சுக்கு முன் மருத்துவர்தான். நோய் இன்னதென்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு; பார்த்ததைப் படமாக்கி அவரிடம் ஒழுங்காகச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

தவறாகப் பயன்படுத்துவதும் நடக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை. எந்தக் காதிலும் கொஞ்சம் குறும்பி இருக்கும், இருக்கவும் வேண்டும். தோலைக் காப்பது அதுவே. அதைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டி, "பாருங்கம்மா எவ்வளவு அழுக்கு" என்று பயமுறுத்தி, சுத்தம் செய்யும் கட்டணமும் கூடவே ஒரு கருவியும் தலையில் கட்டும் கடைகள் முளைத்திருக்கின்றன. திரை அங்கே வியாபாரத் தந்திரமாகிவிடுகிறது. இணையத்தில் விற்கும், முனையில் கரண்டி பொருத்திய கேமராக்கள் இன்னொரு தொல்லை. கைப்பேசித் திரையைப் பார்த்தபடி தாமே காதைக் குடைபவருக்குக் கரண்டி முனைக்கும் செவிப்பறைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது தெரியாது, ஏனென்றால் தட்டைப் படத்தில் ஆழம் இல்லை. பக்கத்தில் குழந்தை வந்து கையைத் தட்டினால் போதும். பார்ப்பதற்கான கருவியையும் குடைவதற்கான கருவியையும் ஒன்றாக்கி வீட்டுக்கு வீடு விற்பதை அனுமதிக்கவே கூடாது என்பது என் கருத்து.

ஆகவே யார் பார்க்கிறார் என்று கேட்பது நியாயமான கேள்வி. 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்கீழ் ஆடியாலஜிஸ்டுகளும், கேட்கும் கருவி மற்றும் காது மோல்டு தொழில்நுட்பர்களும் பதிவு செய்துகொள்ள வேண்டியவர்கள். பதிவெண்ணைக் கேட்டால் சொல்ல வேண்டும். வெள்ளைக் கோட்டு அணிந்த விற்பனைப் பிரதிநிதிக்கு அந்த எண் இராது. கேட்கும்போது கூடவே கூம்பையும் கவனியுங்கள். ஒருவர் காதில் வைத்ததைத் துணியால் துடைத்து அடுத்தவருக்கு வைப்பதை முகாம்களில் கண்டிருக்கிறேன். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் கூம்புகள் விலை மிகக் குறைவு. மீண்டும் பயன்படுத்துபவை என்றால் முறைப்படி கிருமி நீக்கம் செய்திருக்க வேண்டும். சீழ் வடியும் காதைப் பார்த்த கூம்பு வலக் காதிலிருந்து அதே ஆளின் இடக் காதுக்குக்கூடப் போகக் கூடாது.

இனி, எடுத்த படம் யாருடையது என்ற விஷயம். காதுக்குள் எடுத்த படம் காதுக்கு உரியவருடையது என்பதில் எனக்கு ஐயமில்லை. இரு காதுகளின் படங்களையும், எந்தக் காது, என்ன தேதி என்று குறித்து, ஆடியோகிராமோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த ஆண்டு வேறோர் ஆடியாலஜிஸ்டிடம் போனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஓட்டை பெரிதாகியிருக்கிறதா, மூடிவருகிறதா என்று சொல்ல முடியும். பொன்னேரியிலிருந்தோ மதுராந்தகத்திலிருந்தோ ஒருவர் சென்னைக்கு வந்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதற்கு முன், அவர் ஊரில் எடுத்த படத்தை மருத்துவர் பார்த்து, உடனே வர வேண்டுமா, காத்திருக்கலாமா என்று சொல்லிவிட்டால் ஒருநாள் கூலியும் பஸ் செலவும் மிச்சம். தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2020 மார்ச்சிலேயே வெளியிட்டுவிட்டது, வழியில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒப்புதல் கேட்காமல் அந்தப் படத்தை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், 'முன்பு – பின்பு' என்று தலைப்பிட்டு விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் தவறு. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் சட்டமே வந்திருக்கிறது.

செலவு அதிகம் என்ற பதிலை எதிர்பார்க்கிறேன். தரமான வீடியோ ஓட்டோஸ்கோப்புகள் விலை கூடியவைதான்; ஆனால் சில ஆயிரம் ரூபாயிலேயே, பார்த்துப் படம் எடுத்து வைக்கும் அளவுக்குப் போதுமானவை கிடைக்கின்றன. ஒரு ஜோடிக் கருவியை ஐம்பதாயிரத்துக்கும் ஒரு லட்சத்துக்கும் விற்கும் இடத்தில் இந்தச் செலவைப் பெரிதாகப் பேசுவது பொருந்தவில்லை. நேரமும் இரு காதுக்குமாகச் சில நிமிடங்களே. குழந்தைகளின் கேட்கும் குறைபாட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்தக் காரணங்களில் காதுத் தொற்று முக்கியமானது. பள்ளிகளில் கண் பார்வையைச் சோதிக்கும் அதே நாளில் காதுக்குள்ளும் பார்ப்பதற்கு அதிகப்படியாக வேண்டியது ஒரு நாற்காலியும் பயிற்சி பெற்ற ஓர் ஆளும்தான். காது கேளாக் குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உட்காதில் வைக்கும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியைப் பொருத்தவே உதவி செய்யும் மாநிலத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளையின் சீழ் வடியும் காதைத் தொடக்கத்திலேயே பார்க்க ஏற்பாடு செய்வது முடியாத காரியமல்ல.

தங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. காது பரிசோதனை விளம்பரம் தருபவர்களிடம், பரிசோதிப்பவரின் பதிவெண்ணையும், காதின் உட்புறப் படம் எடுத்துத் தரப்படுமா என்பதையும் விளம்பரத்திலேயே அச்சிடும்படி தங்கள் விளம்பரப் பிரிவு கேட்டுப் பார்க்கலாம். வாசகர்கள், வீட்டுப் பெரியவர்களை முகாமுக்கு அழைத்துச் செல்லுமுன் அதே இரண்டையும் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளட்டும். "அதெல்லாம் தேவையில்லீங்க, மெஷின்ல டெஸ்ட் பண்ணாலே தெரிஞ்சிடும்" என்று பதில் வந்தால், அந்த முகாமுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆடியாலஜிஸ்ட்,
பெரம்பூர், சென்னை – 11.